கல்லுக்கு அனுப்பிய பொடி

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். வேலை செய்யும் இடத்துக்குக் கடிதம் வந்திருப்பதைப் பார்த்ததும் உனக்குத் திக்கென்றிருக்கும். பதறாதே. உன் அண்ணன் நடமாட்டத்தோடுதான் இருக்கிறார். இன்று காலைகூடச் சட்டையில் பட்டன் தொங்குகிறது என்று என்னை முறைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார். ஆரம்பத்தில் எழுத வேண்டிய நலம் விசாரிப்பை மட்டும் இந்த முறை விட்டுவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு பொய் குடியிருக்கிறது, இன்னொன்றுக்கு இடமில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். நீ கூப்பிட்டாலே ஸ்பீக்கரில் போடு என்கிற மனிதர் அவர். மெசேஜ் அனுப்பினால் அடுத்த நிமிஷம் நீ போன் அடிப்பாய், உன் தொண்டை கம்மியிருப்பதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். கடிதம் என்றால் நீ படித்து, அழுவதை அழுது, முகத்தைக் கழுவிக்கொண்டு சாவகாசமாகப் பேசலாம். அதனால்தான் நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் மெஷினை நிறுத்திவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலாளி எட்டிப் பார்த்து, அப்படி என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டார். கொழுந்தனுக்கு என்றேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரித்துவிட்டுப் போனார்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணனுக்குச் சிறுநீரகத்தில் கல் இல்லை. எப்போதும் இருந்ததும் இல்லை. அவருக்குப் புற்றுநோய். சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு மட்டும் இருக்கிற புரோஸ்டேட் சுரப்பியில் ஆரம்பித்தது. நாங்கள் டாக்டரிடம் போவதற்குள் முதுகெலும்புக்கும் போய்விட்டது.

கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

போன வருஷம் முழுக்க முதுகு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாடி உச்சியில் இருக்கும் மோட்டார் அறையில் குனிந்து குனிந்து லிஃப்ட் மெக்கானிக் வேலை பார்க்கிறவருக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று நானும் தைலம் தேய்த்துவிட்டேன். அடிக்கடி பாத்ரூமுக்குப் போனார். வயசாகிறது என்று இருந்துவிட்டோம். கடைசியில் ரத்தப் பரிசோதனை செய்தபோது ஒரு அளவு எக்கச்சக்கமாக இருந்தது. சதையைக் கிள்ளியெடுத்துப் பார்த்தார்கள். எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள். படத்தில் முதுகுத்தண்டு நெடுக அங்கங்கே கறுப்பாகத் தெரிந்தது. டாக்டர் ஒரு பெண், எங்களைவிட வயதில் சின்னவர். மெதுவாகத்தான் சொன்னார். அடியோடு போக்க முடியாது, ஆனால் கட்டிப்போட்டு வைக்கலாம், சிலருக்குப் பல வருஷம்கூடக் கட்டுப்படும் என்றார். உன் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெளியே வந்தார். வந்ததும், "ஒரு பொம்பள டாக்டர்கிட்ட போய் இதையெல்லாம் பேச வேண்டியதாப் போச்சே" என்றார். அவருடைய கவலை அதுவாக இருந்தது.

அன்றைக்குத்தான் நீ கூப்பிட்டாய். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்கிறதே, என்ன என்றாய். சுரப்பி என்றால் எந்தச் சுரப்பி என்பாய், அது எங்கே இருக்கிறது என்பாய், தம்பியிடம் அதையெல்லாம் எப்படி விளக்குவது என்று நினைத்தாரோ என்னவோ, "ஒண்ணுமில்லடா, கல்லாம்" என்று சொல்லிவிட்டார். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் கல்லூரியில் சேர வந்து, ஒரு பெட்டியும் தலையணையுமாக எங்கள் வீட்டில் ஏறியவன் நீ. எங்களுக்குப் பிள்ளை இல்லாதது உன்னால்தான் பெரிதாகத் தெரியவில்லை. பிள்ளையிடம் சொல்லக் கூசுகிறதை உன்னிடமும் சொல்லக் கூசினார், அவ்வளவுதான்.

நீயோ கல் என்றதும் துள்ளினாய். உனக்கும் கல் வந்து, உன் ஊரில் ஒரு மூலிகை வைத்தியர் கொடுத்த பொடியில் கரைந்துபோயிருந்தது. அண்ணனுக்கும் அதே வியாதி, அதற்கு மருந்து என் கையில் இருக்கிறது என்று உனக்கு ஒரே குஷி. முதல் பார்சல் வந்தது. தகர டப்பா. மேலே காலை ஒரு ஸ்பூன், மாலை ஒரு ஸ்பூன் என்று உன் கோணல் கையெழுத்து. நீ வீடியோவில் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் முதலில் குடித்தார். காலித் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவார். நான் பின்னால் நின்று சிரிப்பை அடக்கிக்கொள்வேன். அப்போது எங்களுக்கு அது ஒரு விளையாட்டு. எங்கள் வீட்டில் அப்போது இருந்த ஒரே விளையாட்டு அதுதான் தம்பி.

அப்புறம் ஊசி ஆரம்பித்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடுகிற ஊசி. ஆண்களுக்கு உடம்பில் ஊறுகிற ஹார்மோன்தான் இந்த நோய்க்குத் தீனி, அதை ஊறாமல் செய்துவிட்டால் நோய் பட்டினி கிடக்கும் என்று டாக்டர் விளக்கினார். சொன்னது போலவே வலி குறைந்தது. கூடவே அவருக்கு மற்றதெல்லாமும் நின்றுபோயிற்று. அதை நான் விரித்து எழுத முடியாது, நீயும் கல்யாணமானவன், புரிந்துகொள். மார்பு கனத்து வலித்தது. டிவியில் சோப்பு விளம்பரம் பார்த்துக் கண் கலங்கினார். திடீர் திடீரென்று உடம்பெல்லாம் பற்றி எரிகிறது என்று சட்டையைக் கழற்றி வீசுவார். எனக்கும் மாதவிலக்கு நிற்கிற வயசு, எனக்கும் அதே எரிச்சல். ஒரே ஃபேனுக்கு இரண்டு பேரும் அடித்துக்கொண்டோம். இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு தோழி கிடைப்பாள் என்று நினைக்கவில்லை என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன் பிறகு நான் அந்த மாதிரிப் பேசுவதில்லை.

ஆஸ்பத்திரிக்கு வெளியே ஏதாவது கிடைக்குமா என்று தேட ஆரம்பித்தார். யாரோ சொல்லி ஒருவரிடம் போனோம். பச்சைக் காய்களின் சாற்றைக் குடித்தே எந்த நோயையும் விரட்டலாம் என்கிறவர். நான் அவருக்குச் சாறு வைத்தியர் என்று பெயர் வைத்தேன். வரிசை வரிசையாக நாற்காலிகள், சுவர் முழுக்கக் குணமானவர்களின் படங்கள். குணமாகாதவர்கள் படத்தை எந்த அறையில் மாட்டியிருக்கிறார்கள் என்று கேட்டேன், உன் அண்ணன் என் கையைக் கிள்ளினார். வைத்தியர் கண்ணை மூடிக்கொண்டு மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, முதல் வேலையாக ஊசியை நிறுத்துங்கள், அது உள்ளே இருக்கிறவரை என் மருந்து பேசாது என்றார். இவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். தெருவில் நின்று இரண்டு பேரும் சண்டை போட்டோம். "உனக்கென்ன, ஊசி உன் உடம்புலயா ஏறுது?" என்றார். நான் ஆட்டோவைக் கூப்பிட்டு அவரை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன், ஊசியை மட்டும் நிறுத்தவில்லை.

வெளி வைத்தியம் எல்லாமே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே அக்குபங்சர் செய்கிற ஒரு பெண்மணி இருக்கிறார். டாக்டரிடம் கேட்ட பிறகுதான் இவரைத் தொட்டார். மெல்லிய ஊசிகளைக் காதிலும் கையிலும் குத்தி அரைமணி நேரம் படுக்க வைப்பார். எரிச்சல் பாதியாகக் குறைந்தது. மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார், தூக்கம் வந்தது. இதனால் நோய் போகாது, நோயோடு இருப்பது கொஞ்சம் சுலபமாகும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. உன் அண்ணனுக்கு அதுதான் பிடிக்கவில்லை. எங்கே திரும்பினாலும் போகாது, போகாது என்கிறார்கள் என்று முணுமுணுத்தார்.

உன் பொடி மட்டும்தான் அப்படிச் சொல்லவில்லை. விளையாட்டாகக் குடித்தவர் எப்போது நம்பிக் குடிக்க ஆரம்பித்தார் என்று எனக்கே தெரியாது. ஒருநாள் கேட்டேன். "ஊசி எங்கிட்டேருந்து எல்லாத்தையும் எடுத்துக்கிச்சு. தம்பி குடுத்தது எதையும் எடுக்கல" என்றார். கல்லையே கரைக்கிறது, இதைக் கரைக்காதா என்று ஒரு நினைப்பு. நீ சொன்ன அளவைப் போல இரண்டு மடங்கு போட்டுக் குடித்திருக்கிறார். டப்பா சீக்கிரம் தீர்கிறதே என்று நீயும் சந்தோஷமாக இன்னும் அனுப்பினாய்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். ஊசியோடு சேர்த்துத் தினமும் விழுங்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அது நன்றாகவே கேட்டது. ரத்தத்தில் அந்த அளவு இறங்கிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று இரண்டு பேரும் ஐஸ்கிரீம் வாங்கித் தின்றோம். போன மாதம் அவருக்குப் படிக்கிற கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. கடைக்கு வரச் சொல்லி, நாற்காலியில் உட்கார வைத்து, மேலே பாருங்கள், கீழே பாருங்கள் என்றேன். விளக்கு வெளிச்சத்தில் வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. மறுநாள் காலையில் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். கல்லீரல் கெட்டிருக்கிறது, இந்த மாத்திரையால் அப்படி ஆவதுண்டு, வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றார். டாக்டர் மறுபடியும் கேட்டார். இவர் மறுபடியும் இல்லை என்றார். நான் பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தேன். உன் அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இத்தனை வருஷத்தில் அப்படிப் பார்த்ததே இல்லை.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மாத்திரையாலா பொடியாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது, பொடியில் என்ன இருக்கிறது என்றே தெரியாதபோது நான் எதைச் சொல்வது என்றார். கல்லீரல் தேறும்வரை இரண்டையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். கேட்டுக்கொண்டிருந்த மாத்திரையும் நின்றுவிட்டது. அதுவரை நோய் சும்மா இருக்குமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். அவர் முகம் எனக்குச் சரியாகப் படவில்லை.

தம்பி, இதை நீ தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ளாதே. கல்லுக்கு என்று சொன்னோம், கல்லுக்கு அனுப்பினாய். ஆனால் இனி அனுப்பாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். உனக்கு விஷயம் தெரியும் என்றும் காட்டிக்கொள்ளாதே. உன்னோடு பேசுகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் அவர் வெறும் கல்லோடு இருக்கிற மனிதராக இருக்கிறார், அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. வைத்தியர் பொடி செய்வதை நிறுத்திவிட்டார் என்று ஏதாவது சொல். பொய் சொன்னால் உனக்குக் காது சிவக்கும், அதனால் வீடியோ போடாமல் பேசு.

இன்னொன்று, இதுதான் முக்கியம். அண்ணனுக்கு வந்தால் தம்பிக்கும் வர வாய்ப்பு அதிகமாம். இவருக்கு உடன்பிறந்தவர் உண்டா என்று டாக்டரே கேட்டு, கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். ரத்தப் பரிசோதனையில் ஆரம்பிக்கிறார்கள். கூசிக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. கூச்சத்துக்கு இந்தக் குடும்பத்தில் ஒரு ஆள் போதும். முடிவு வந்ததும் என் கடை முகவரிக்கு எழுது. அதுவரை எனக்குச் சோறு இறங்காது.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உன் அண்ணி


அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கடைக்கு வந்து சேர்ந்தது. உன் ரத்தத்தில் ஒன்றுமில்லை என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வாடிக்கையாளர் ஒருவர் கண்ணாடிக்குக் காத்திருக்கிறார், நான் பின்னறையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறேன். வருஷா வருஷம் பார்த்துக்கொள் என்று டாக்டர் சொன்னாராமே, அதை மறந்துவிடாதே. நல்ல செய்தி என்று எனக்கு வந்தது இந்த வருஷம் அது ஒன்றுதான்.

மீதிப் பக்கங்களில் என்னால்தான், என்னால்தான் என்று எழுதித் தள்ளியிருக்கிறாய். உனக்கு அது ஆறுதலாக இருந்தால் இருக்கட்டும், ஆனால் எனக்கு எழுதாதே. எனக்கும் கோபம் உண்டு தம்பி. உன்மேல் இல்லை என்று சொன்னால் பொய். சில நாள் உன்மேல், சில நாள் அவர்மேல், சில நாள் அந்த டாக்டர்மேல். ஒருநாள் லென்ஸை மெஷினில் வைத்தபோது கை தவறி உடைத்துவிட்டேன், அன்றைக்கு லென்ஸ்மேல் கோபம். யார்மேல் கோபப்பட்டாலும் வீட்டுக்குப் போனால் அவர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

நான் சொன்னபடியே நீ பேசினாய். வைத்தியர் பொடி செய்வதை விட்டுவிட்டார் என்றாய். அப்படியா, பரவாயில்லை என்று போனை வைத்தார். அப்புறம் சமையலறையில் சத்தம் கேட்டது. டாக்டர் சொன்ன அன்றே நான் டப்பாவை ஒளித்து வைத்திருந்தேன், அதை எப்படியோ தேடி எடுத்து ஸ்பூனால் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பிடுங்கிவிட்டேன். பெரியவருடைய கையைத் தட்டிவிடுகிற நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று இருந்தது. அவர் சண்டை போடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். சண்டை போட்டிருக்கலாம்.

கல்லீரல் தேறியது. மாத்திரையைக் குறைந்த அளவில் மறுபடி கொடுத்தார்கள். முன்பு கேட்டது போல இப்போது கேட்கவில்லை. ரத்தத்தில் அந்த அளவு ஏறியது. இடையில் நிறுத்தியதாலா என்று கேட்டேன். நிறுத்தாமல் இருந்தாலும் ஒருநாள் கேட்காமல் போயிருக்கும், எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, சொல். நிம்மதியாகவும் இருக்க முடியவில்லை, யாரையாவது நன்றாகச் சபிக்கவும் முடியவில்லை.

இப்போது கையில் ட்ரிப் போட்டு ஏற்றுகிற மருந்து. அது ஏறிய வாரம் வாய் புண்ணாகி எதுவும் சாப்பிட முடியாது. முடி போய்விட்டது. அதைப் பற்றிக் கவலைப்படவில்லை, ஏற்கெனவே பாதிதான் இருந்தது. கால் விரல்கள் மரத்துப்போய்ச் செருப்பு நழுவினால்கூடத் தெரிவதில்லை. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது என்பது உனக்குத் தெரியும். அதை வைத்து நீ எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறாய். இப்போது ஒவ்வொரு மாடியிலும் நின்று, கம்பியைப் பிடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எதிரே வந்தால் போன் பேசுவது போல நிற்பார்.

கம்பெனியில் நல்லவர்களாகத்தான் இருக்கிறார்கள். மோட்டார் அறைக்கு அனுப்புவதில்லை. ட்ரிப் ஏற்றாத நாட்களில் ஆபீஸில் உட்கார வைத்து, லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே இருக்கிற பட்டனை அழுத்திக் கூப்பிட்டால் பேசுகிற வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனபோது கேட்டுக்கொண்டு நின்றேன். யாரோ ஒரு பெண் உள்ளே அழுகிறாள். இவர் எவ்வளவு பொறுமையாகப் பேசுகிறார் தெரியுமா. "கீழ விழாதும்மா, கயிறு ஒண்ணு இல்ல, நாலஞ்சு இருக்கு. உக்காந்துக்கோ. ஆள் கிளம்பியாச்சு" என்றார். அவளுக்குப் பிள்ளைகள் எத்தனை, என்ன படிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கதவு திறந்துவிட்டது என்று அவள் சொன்னதும் போனைக் காதிலிருந்து எடுத்து வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் சாப்பாட்டை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவரிடம் ஆள் கிளம்பியாச்சு என்று சொல்ல எனக்கு யாரும் கிடைக்கவில்லை.

ஒரு சிரிப்பான விஷயமும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். இந்த நோய் உள்ள ஆண்கள் ஆஸ்பத்திரியில் மாதம் ஒருமுறை கூடி உட்கார்ந்து பேசுகிறார்கள். அக்குபங்சர் அம்மா பிடிவாதம் பிடித்து இவரை அனுப்பி வைத்தார். மனைவிமார் வெளியே வராந்தாவில். உள்ளே முதலில் ஒரு பேச்சுமூச்சு இல்லை. திடீரென்று அறையே இடிந்து விழுவது போலச் சிரிப்பு. வெளியே வந்த பிறகு கேட்டேன். வீட்டில் என்னவென்று சொல்லியிருக்கிறீர்கள் என்று ஒருவர் பேச்சை எடுத்தாராம். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் குடலிறக்கம் என்று சொல்லி வைத்திருக்கிறாராம். ஒரு டிரைவர் மூல வியாதி என்றாராம். ஒரு வங்கிக்காரர் வெளியூர் வேலை என்று சொல்லிவிட்டு வந்து ஆஸ்பத்திரியில் படுத்துக்கொள்கிறாராம். இவர் கல் என்றதும், பரவாயில்லை சார், உங்களுது கொஞ்சம் கௌரவமா இருக்கு என்றாராம் டிரைவர். சொல்லும்போதே உன் அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். சரி, இனி உன்னிடம் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அன்று மாலை நீ கூப்பிட்டாய். கல் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறதாம் என்று உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்லிவிடட்டுமா, நேரில் பேசட்டுமா என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை தம்பி. முன்பெல்லாம் எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு யோசனை இருக்கும். இப்போது அடுத்த ட்ரிப் எப்போது என்பதைத் தவிர எதையும் யோசிக்க முடிவதில்லை. நான் கும்பிடாத சாமியில்லை. கேட்காத ஆளில்லை. நம்பிக்கை வையுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதன்மேல் வைப்பது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

இதை உனக்குத் தவிர வேறு யாருக்கும் எழுத முடியாது. அதற்காக என்னை மன்னித்துக்கொள்.

உன் அண்ணி


அன்புள்ள தம்பிக்கு,

இது சின்னக் கடிதம்தான். வீட்டிலிருந்தே எழுதுகிறேன். கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். அவர் தூங்குகிறார், பெரும்பாலும் தூக்கம்தான். அவருடைய கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டிருக்கிறேன். இனி அந்தப் படிகளில் இறங்குவதாக இல்லை.

போன வாரம் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காராமல், நாற்காலியை இழுத்து எங்கள் பக்கத்தில் போட்டுக்கொண்டார். ட்ரிப் இனி வேண்டாம் என்றார். அதனால் உடம்புக்கு வதைதான் மிச்சம், வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் இனி நமக்கு வேலை, நர்ஸ் வீட்டுக்கே வருவார் என்றார். நான் என்னென்னவோ கேட்டேன். வேறு மருந்து, வேறு ஆஸ்பத்திரி, புதிதாக ஏதாவது ஆராய்ச்சி. எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். எல்லாப் பதிலும் ஒன்றுதான்.

உன் அண்ணன் ஒரு கேள்விதான் கேட்டார். இனிமேல் நான் எது வேண்டுமானாலும் சாப்பிடலாமா என்றார். சாப்பிடலாம் என்றார் டாக்டர்.

வருகிற வழியில் காரில் என் தோளில் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே, "தம்பியோட வைத்தியர் திரும்ப ஆரம்பிச்சுட்டாரான்னு கேளேன். அதைக் குடிச்சப்பதான் நான் நல்லா இருந்தேன்" என்றார். அப்புறம் கொஞ்ச தூரம் போன பிறகு, "கல்லுக்குன்னு சொல்லிக் கேளு" என்றார்.

மறுநாள் நான் மட்டும் டாக்டரைப் பார்க்கப் போனேன். அந்தப் பொடியைக் கொடுக்கலாமா, கல்லீரல் மறுபடி கெட்டுவிடாதா என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்லீரலைப் பற்றி இனி நாம் கவலைப்பட வேண்டாம் அம்மா, மனசுக்குப் பிடித்ததைக் கொடுங்கள் என்றார். பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்துதான் வந்தேன், எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

அதனால் கேட்கிறேன் தம்பி. அனுப்பாதே என்று உன்னைக் கெஞ்சிய அதே அண்ணிதான் கேட்கிறேன். அந்தப் பொடி ஒரு டப்பா வேண்டும். அதே வைத்தியரிடம், அதே பொடி. காலை ஒரு ஸ்பூன், மாலை ஒரு ஸ்பூன் என்று முன்பு போலவே உன் கையால் எழுது. பார்சலில் போடாதே. நீயே கையில் எடுத்துக்கொண்டு வா. வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நீயே கலக்கி, தலையைத் தூக்கிப் பிடித்துக் கொடு. கல் எப்படி இருக்கிறது என்று கேட்டால் குறைந்திருக்கிறது என்பார். நல்லது அண்ணா என்று சொல். உனக்குக் காது சிவந்தாலும் பரவாயில்லை, கண்ணாடி போட்டாலும் அவருக்கு இப்போது அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை.

லீவு கிடைக்கட்டும், பிள்ளைகளின் பரீட்சை முடியட்டும் என்று பார்க்காதே. பார்சல் என்றால் வந்து சேர நாளாகும்.

அண்ணி